நாமா, நாங்களா? – ஐரோப்பியத் திரைப்படங்களும் ஒரு கண்டத்தின் அடையாளத் தேடலும்

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு என்பது பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்காத நம் பம்பாய்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். 'நாம் போகலாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. 'நாங்கள் போகிறோம்' என்றால் கேட்பவர் வெளியே. முன்னே நிற்பவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு பேசுவதை இலக்கணக்காரர்கள் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ இந்த வசதி கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஒரு ஜெர்மானியர் 'ஐரோப்பியர்களாகிய நாம்' என்று பேசும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் துருக்கிக்காரர் அதில் உண்டா இல்லையா என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடந்த முப்பது நாற்பது வருஷங்களில் ஐரோப்பாவில் வந்த நல்ல படங்கள் என்று நான் நினைப்பவற்றில் பல, இந்த முகத்தைப் பார்க்கிற வேலையைத்தான் செய்கின்றன.

நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்ல, சினிமாக்காரனும் அல்ல. இந்த ஊரில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். மாக்ஸ்முல்லர் பவனிலும் அலியான்ஸ் பிரான்சேஸிலும் திரைப்பட விழாக்களிலும், பிற்பாடு பிள்ளைகள் வாங்கித் தந்த குறுந்தகடுகளிலும் பார்த்த படங்களை வைத்துக்கொண்டு பேசுகிறேன். மலர்க்குழுவினர் 'வரலாறு' என்ற பகுதிக்கு ஒரு கட்டுரை கேட்டபோது சோழர் காலமோ விஜயநகரமோ எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியான அன்பர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

முதலில் அரசியல் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1957 மார்ச் 25-இல் ரோம் நகரில் ஆறு நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் என்பன அவை. அதற்கு முன்பே இவர்கள் நிலக்கரிக்கும் எஃகுக்கும் ஒரு கூட்டு அமைப்பு வைத்திருந்தார்கள். ஆக, ஒற்றுமை கரியிலும் இரும்பிலும்தான் தொடங்கியது. இந்த ஏற்பாட்டின் மூளையாக இருந்த ழான் மோனே, 'மறுபடியும் தொடங்க வாய்ப்புக் கிடைத்தால் பண்பாட்டிலிருந்து தொடங்குவேன்' என்று சொன்னதாக ஒரு வாசகம் மேடைக்கு மேடை உலவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த வாசகம் சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும். ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று என்ற உறுத்தல் அவர்களுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

உறுத்தலுக்குக் காரணமும் உண்டு. 1992-இல் மாஸ்டிரிக்ட் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, 'ஐரோப்பியக் குடிமகன்' என்ற சட்டப்படியான ஒரு பிறவியை உண்டாக்கியது. 2002 ஜனவரி முதல் தேதி யூரோ நோட்டுகள் கைக்கு வந்தன. அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சன்னல்களும் வாசல்களும், மறுபக்கம் பாலங்கள். வரைந்தவர் ராபர்ட் கலினா என்ற ஆஸ்திரியர். நம் ரூபாய் நோட்டில் காந்தியடிகளைப் போல அதில் மனித முகம் ஒன்றைப் பெரிதாகப் போட முடியவில்லை. யார் முகத்தைப் போடுவது? சரி, பாலத்தைப் போடலாம் என்றால், எந்த நாட்டுப் பாலத்தை? முதல் வரைவில் அடையாளம் தெரிகிற மாதிரி சில பாலங்கள் இருந்துவிட்டன என்று அவற்றையும் மாற்றி, உலகத்தில் எங்குமே இல்லாத பாலங்களை அச்சடித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, நெதர்லாந்தில் ஸ்பைக்கனிஸ்ஸே என்ற ஊர்க்காரர்கள் பிற்பாடு அந்த இல்லாத பாலங்களை ஒவ்வொன்றாகக் கட்டி, 2013 வாக்கில் ஏழையும் முடித்துவிட்டார்கள்! குறிக்கோள் வாசகத்துக்குப் பள்ளி மாணவர்களிடம் போட்டி வைத்தார்கள். 2000-இல் தேர்வானது 'வேற்றுமையில் ஒன்றுபட்டு' என்ற வாசகம். நமக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும்.

அரசியல்வாதிகள் விட்ட இடத்தைச் சினிமா நிரப்பும் என்ற நம்பிக்கையில் 1980-களின் கடைசியில் பணம் ஒதுக்கத் தொடங்கினார்கள். 1988-இல் ஐரோப்பியத் திரைப்பட விருதுகள் பெர்லினில் தொடங்கின. அதே வருஷம் ஐரோப்பியக் கவுன்சில், ஸ்டிராஸ்பூர்கில் 'யூரிமாஜ்' என்ற நிதியத்தை ஏற்படுத்தியது. பல நாட்டுத் தயாரிப்பாளர்கள் கூட்டுச் சேர்ந்தால் உதவி கிடைக்கும். 1991-இல் 'மீடியா' திட்டம் வந்தது. இதற்கெல்லாம் பின்னால் இருந்தது பண்பாட்டுக் கவலை மட்டும் அல்ல, ஹாலிவுட் பயமும்தான். 1993-இல் காட் உலக வர்த்தகப் பேச்சுவார்த்தை முடிகிற நேரத்தில் பிரான்சு பிடிவாதமாக நின்று, சினிமாவையும் தொலைக்காட்சியையும் சாதாரணச் சரக்குபோலத் திறந்துவிட முடியாது என்றது. ஐரோப்பா அந்தத் துறையில் உறுதிமொழி எதுவும் தரவில்லை. அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் பிரெஞ்சுத் திரையரங்குகளில் ஒருபுறம் ஸ்பீல்பெர்கின் 'ஜுராசிக் பார்க்', மறுபுறம் எமில் சோலாவின் நாவலை வைத்துக் குளோத் பெரி எடுத்த 'ஜெர்மினால்'. டைனோசருக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் போட்டி என்று பத்திரிகைகள் எழுதின.

இந்தக் கூட்டுத் தயாரிப்பில் ஒரு வியாதியும் வந்தது. நாலு நாட்டுப் பணம் என்றால் நாலு நாட்டு நடிகர் வேண்டும், நாலு ஊர்க் காட்சி வேண்டும். எல்லோரும் ஓர் ஆங்கிலம் பேசுவார்கள். யாருக்கும் சொந்த ஊர் இருக்காது. இதற்கு 'யூரோ புட்டிங்' என்று கேலிப்பெயர். செட்ரிக் கிளாபிஷ் 2002-இல் எடுத்த 'லோபெர்ழ் எஸ்பான்யோல்' அந்தக் கேலியையே கதையாக்கிக்கொண்ட படம். 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தில் பார்சிலோனாவுக்குப் படிக்கப் போகும் பிரெஞ்சுப் பையன், இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி, டென்மார்க், பெல்ஜியம், ஸ்பெயின் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறான். குளிர்சாதனப் பெட்டியில் யார் தட்டு எது என்று சண்டை. கலகலப்பான படம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, பையில் பாஸ்போர்ட் இருக்கிறது. 'நாம்' என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

கீஸ்லோவ்ஸ்கி வேறு ரகம். போலந்துக்காரரான அவர் 1993, 1994-இல் எடுத்த மூன்று நிறப் படங்களுக்கு, நீலம், வெள்ளை, சிவப்பு என்று பிரெஞ்சுக் கொடியின் நிறங்களையே பெயராக வைத்தார். 'நீலம்' படத்தில் விபத்தில் இறந்துபோகும் இசையமைப்பாளர், ஐரோப்பா ஒன்றுபடும் விழாவுக்காக ஓர் இசைக்கோவை எழுதிக்கொண்டிருந்தவர். அது பாதியில் நிற்கிறது. ஐரோப்பாவின் கீதத்தை எழுதியவன் செத்துப்போனான், மிச்சத்தை ஒரு விதவை தன் துக்கத்துக்கு நடுவே முடிக்க வேண்டும்! மாஸ்டிரிக்ட் நடைமுறைக்கு வந்த அதே வருஷம் இப்படி ஒரு படம் எடுக்கத் தைரியம் வேண்டும். கடைசியில் அந்த இசை கேட்கும்போது பாடகர்கள் பாடுவது பிரெஞ்சிலும் இல்லை, ஜெர்மனிலும் இல்லை. கிரேக்கத்தில், கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தில் அன்பைப் பற்றி வரும் பகுதி.

எனக்கு அதைவிடப் பிடித்தது 'வெள்ளை'. கரோல் என்ற போலந்து முடிதிருத்துநர் பாரிஸ் நீதிமன்றத்தில் நிற்கிறார். மனைவி விவாகரத்துக் கேட்கிறாள். அவருக்குப் பிரெஞ்சு சரியாக வராது. மொழி தெரியாததால் என் பக்கத்தைக் கேட்க மாட்டீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்கிறார். வெள்ளை நிறம் சமத்துவத்துக்கு அடையாளம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். கையில் காசில்லாமல் ஒரு பெட்டிக்குள் ஒடுங்கிப் படுத்து விமானத்தில் வார்சாவுக்குப் போகிறார். பெட்டியைத் திருடிய திருடர்கள் உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்து அடித்துப் பனிமூடிய குப்பைமேட்டில் தள்ளிவிட, அப்பாடா வீட்டுக்கு வந்தாச்சு என்று மனுஷர் நிம்மதியடைகிறார். போலந்து ஒன்றியத்தில் சேர்ந்தது 2004 மே முதல் தேதி. படம் அதற்குப் பத்து வருஷம் முந்தியது.

ஒன்றுபடுகிறோம் என்று மேற்கே பேசிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் யூகோஸ்லாவியா துண்டுதுண்டாகச் சிதறியதையும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு 2002 மார்ச் நினைவிருக்கும். 'லகான்' ஆஸ்கார் வாங்கிவிடும் என்று தொலைக்காட்சி முன் காத்திருந்தோம். வாங்கியது டானிஸ் தனோவிச் என்ற போஸ்னியரின் 'நோ மேன்ஸ் லேண்ட்'. அன்றைக்குத் திட்டியவர்கள் பிறகாவது அந்தப் படத்தைப் பார்த்தார்களா தெரியாது. பதுங்குகுழியில் ஒரு போஸ்னியன், ஒரு செர்பியன். மூன்றாமவன் கண்ணிவெடிமேல் படுத்திருக்கிறான், அசைந்தால் வெடிக்கும். இருவருக்கும் ஒரே மொழி, ஒரே ஊர்ப் பெண்ணைக்கூடத் தெரியும். சண்டையை யார் தொடங்கியது என்பதில்தான் தகராறு. துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வது வரலாறு. இத்தனைக்கும் அந்தப் படமே பெல்ஜியம், இத்தாலி, பிரான்சு, பிரிட்டன், ஸ்லோவேனியா, போஸ்னியா சேர்ந்து எடுத்தது. புட்டிங் எப்போதும் கெட்டுப்போவதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். 1961 அக்டோபர் மாதத்தில் பதின்மூன்று நாள் இடைவெளியில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஐரோப்பிய ஒற்றுமையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இரண்டையும் சேர்த்து எழுதி நான் படித்ததில்லை.

முதலாவது, அக்டோபர் 17, பாரிஸ். அல்ஜீரிய விடுதலைப் போர் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அல்ஜீரியர்கள் இரவில் வெளியே வரக்கூடாது என்று போட்ட ஊரடங்கை எதிர்த்து அவர்கள் ஊர்வலம் போனார்கள். நகரக் காவல்துறைத் தலைவர் மொரிஸ் பப்போன். போலீஸ் அடித்துக் கொன்றது. சேன் நதியில் பிணங்கள் மிதந்தன. எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. பல பத்து என்பாரும் உண்டு, நூறுக்கு மேல் என்பாரும் உண்டு. இதே பப்போன்தான், இரண்டாம் உலகப் போரில் போர்தோ நகரத்து யூதர்களை ரயிலேற்றியதில் பங்குண்டு என்று 1998-இல் தண்டிக்கப்பட்டவர்.

இரண்டாவது, அக்டோபர் 30. மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பி, கிழக்கேயிருந்து வந்துகொண்டிருந்த ஆட்கள் நின்றுபோனார்கள். தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும். 'விருந்தாளித் தொழிலாளி' என்று மரியாதையாகப் பெயர் வைத்தார்கள். விருந்தாளி என்றால் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது அதில் அடக்கம்.

இந்த இரண்டு அக்டோபர் நாட்களையும் சினிமா எடுத்துக்கொண்டது. ஆனால் தாமதமாக. மிக்கேல் ஹானெக்கே 2005-இல் எடுத்த 'கஷே' (மறைந்தது என்று பொருள்) படத்தில், தொலைக்காட்சியில் இலக்கிய நிகழ்ச்சி நடத்தும் ஒரு படித்த மனிதரின் வீட்டு வாசலை யாரோ படம் பிடித்து நாடாவை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். யார் என்று தேடிப் போனால் கதை சிறுவயதுக்குப் போகிறது. அவர்கள் பண்ணையில் வேலை செய்த அல்ஜீரியத் தம்பதி அந்த அக்டோபர் ஊர்வலத்துக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அநாதையான அவர்கள் மகன் மஜீதைத் தத்தெடுக்கப் பெற்றோர் நினைக்க, ஆறு வயதுப் பையன் ஒரு பொய் சொல்லி அவனை விரட்டிவிடுகிறான். படத்தில் அந்தக் கொலைகளைப் பற்றி வருவது ஓரிரு வாக்கியம்தான். கொடி இல்லை, ஊர்வலம் இல்லை, ரத்த ஆறு இல்லை. ஒரு கண்டம் தன் வீட்டுக்குள் யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது, ஒரு குழந்தை தன் படுக்கையறையைப் பங்குபோட மறுத்ததாகச் சுருங்கிவிடுகிறது. குற்றம் ஆறு வயதுக்காரனுடையதா, நடுவயதிலும் வாயைத் திறக்காத மனிதனுடையதா என்று படம் கேட்கிறது, பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். 2012 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஒல்லாந்து அந்த நாளின் ரத்தக்களரியை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டார். படம் வந்து ஏழு வருஷம் கழித்து.

இந்தப் படத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. ஹானெக்கே ஆஸ்திரியர். ஆஸ்திரியா இதை ஆஸ்காருக்கு அனுப்பியது. வசனம் பிரெஞ்சில் இருக்கிறது, உங்கள் நாட்டு மொழியில் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ஒரு நாட்டுக்கு ஒரு மொழி என்ற பழைய கணக்கு! அடுத்த வருஷமே அந்த விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

ஒரு படம் சட்டத்தையே அசைத்த சம்பவமும் இந்த வரிசையில் வருகிறது. ரஷீத் புஷரேப் 2006-இல் எடுத்த 'எந்தீழேன்', பிரான்சை நாஜிகளிடமிருந்து மீட்கப் போராடிய வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றியது. காலனி நாடுகள் விடுதலையானபின், அந்தச் சிப்பாய்களின் ஓய்வூதியத்தை 1959-இல் இருந்த அளவிலேயே உறையவைத்துவிட்டார்கள். பிரெஞ்சுச் சிப்பாய்க்கு ஏறிக்கொண்டே போனது. இவர்களுக்கு நின்ற இடத்திலேயே நின்றது. படத்தைப் பார்த்த ஜாக் ஷிராக் மனம் இளகினார் என்பது அன்றைய செய்தி. திரையிட்ட அந்தச் செப்டம்பர் நாளிலேயே அரசு சமன்செய்யும் முடிவை அறிவித்தது. கலையழகில் 'கஷே'யின் பக்கத்தில் இதை வைக்க மாட்டேன். நேர்க்கோட்டில் போகிற போர்ப்படம். ஆனால் ஓய்வூதியம் வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அறிவிப்பு எந்தத் தங்கப்பனை விருதுக்கும் குறைந்ததல்ல.

துருக்கி ஒப்பந்தத்தின் பிள்ளைகளுக்கு வருவோம். ஃபாஸ்பிண்டர் 1974-லேயே ஒரு மொராக்கோத் தொழிலாளிக்கும் வயதான ஜெர்மன் துப்புரவுப் பெண்ணுக்கும் காதல் வைத்துப் படம் எடுத்தார். 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' என்று அர்த்தம் வரும் அந்தத் தலைப்பை, வந்தேறியின் உடைந்த ஜெர்மனிலேயே இலக்கணப் பிழையோடு வைத்தார். ஆனாலும் அது ஜெர்மானியர் ஒருவர் வெளியாளைப் பற்றிச் சொன்ன கதை. 1973-இல் ஹாம்பர்கில் துருக்கியப் பெற்றோருக்குப் பிறந்த ஃபாத்தி அகின் வந்தபிறகு கதை சொல்கிற ஆள் மாறினார். 2004-இல் அவருடைய 'கெகன் டீ வாண்ட்' பெர்லினில் தங்கக்கரடி வாங்கியது. ஜெர்மன் படம் ஒன்று அந்தப் பரிசை வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. வாங்கித் தந்தவர் துருக்கி வீட்டுப் பிள்ளை.

2007-இல் வந்த 'அவுஃப் டேர் ஆண்டரன் ஸைட்டே' (மறுகரையில்) அதைவிடப் பக்குவமானது. ப்ரேமனில் வாழும் கிழட்டு துருக்கிக்காரர் அலி; அவர் மகன் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர். துருக்கிக்காரர் பிள்ளை ஜெர்மானியருக்குக் கெதே சொல்லிக்கொடுக்கிறார்! பிறகு அவர் இஸ்தான்புல்லுக்குப் போய், நாடு திரும்ப நினைக்கும் ஒரு ஜெர்மானியரிடமிருந்து ஜெர்மன் புத்தகக்கடையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். படத்தில் இரண்டு சவப்பெட்டிகள். ஜெர்மனியில் இறந்த துருக்கியப் பெண்ணின் பெட்டி இஸ்தான்புல் விமான நிலையத்தில் இறங்குகிறது. பிறகு இஸ்தான்புல்லில் இறந்த ஜெர்மன் பெண்ணின் பெட்டி அதே மாதிரி ஏறுகிறது. சடங்கு, வசனம் எதுவும் இல்லை. பட்டையில் நகரும் பெட்டிதான். ஏற்றுமதி இறக்குமதி ஒப்பந்தம் என்று இவ்வளவு நாள் பேசியதெல்லாம் அந்த இரண்டு காட்சியில் அடங்கிவிடுகிறது.

இன்னொரு காட்சி சமையலறையில். துருக்கியிலிருந்து தப்பிவந்த அரசியல் போராட்டப் பெண், தன்னை வீட்டில் வைத்திருக்கும் தோழியின் தாயிடம் வாக்குவாதம் செய்கிறாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டால் உங்கள் நாட்டில் எல்லாம் சரியாகிவிடலாம் என்கிறார் அந்த அம்மா. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். அந்தப் பெண் ஒன்றியத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறாள். இந்த வீட்டில் அப்படிப் பேசக்கூடாது என்கிறார் தாய். 'இந்த வீடு' என்ற சொல்லின் கனத்தைக் கவனியுங்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2007-இல் 'லக்ஸ்' என்ற திரைப்பட விருதை ஏற்படுத்தி, முதல் விருதை இந்தப் படத்துக்கே கொடுத்தது. ஒன்றியத்தின் எல்லா ஆட்சிமொழிகளிலும் துணைத்தலைப்புப் போடுவதுதான் பரிசு. துருக்கியைச் சேர்ப்பதற்கான பேச்சு 2005 அக்டோபரில் தொடங்கியது. பிறகு உறைந்தே போயிற்று. படம் உள்ளே போய்விட்டது, நாடு வாசலில் நிற்கிறது.

இனி நமக்கு நெருக்கமான படம். 2015-இல் கான் விழாவில் ஜாக் ஓடியாரின் 'தீபன்' தங்கப்பனை வாங்கியது. வசனத்தில் பெரும்பகுதி தமிழ். தீபனாக நடித்த அந்தோணிதாசன் யேசுதாசனை ஷோபாசக்தி என்ற பெயரில் நம் வாசகர்கள் அறிவார்கள்; 'கொரில்லா' நாவலை எழுதியவர். பதின்வயதில் இயக்கத்தில் இருந்து, பிறகு அகதியாகப் பிரான்சு போனவர். யாழினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து போனவர். இறந்துபோன மூவரின் கடவுச்சீட்டில், ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி, குடும்பம் என்று சொல்லிக்கொண்டு பிரான்சுக்குள் நுழைகிறார்கள். அதிகாரி முன்னால் 'நாங்கள்' என்று சொல்லியாக வேண்டும்; அறைக்குள் வந்தால் 'நாம்' கிடையாது. விசாரணையில் மொழிபெயர்க்க வந்த தமிழர், அதிகாரிக்குப் புரியாத தமிழிலேயே, எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொல்றாங்க, வேற சொல்லு என்கிற தோரணையில் அறிவுரை சொல்லும் இடத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசைந்தது. இன்னோர் இடத்தில், பிரெஞ்சுக்காரர் நகைச்சுவைக்குச் சொல் புரிகிறது, சிரிப்பு வரவில்லை என்று தீபன் வருத்தப்பட, தமிழிலேயே உனக்கு அது வராது என்கிறாள் யாழினி. துணைத்தலைப்பு படிக்காமல் ஒரு பிரெஞ்சுப் படத்தைப் பார்க்கிற சந்தோஷம் நமக்கு வேறு எப்போது கிடைக்கும்!

படத்தின் கடைசிப் பகுதி எனக்கு ஒப்பவில்லை. பாரிஸ் புறநகர் அடுக்ககத்தின் போதைமருந்துக் கும்பலை முன்னாள் போராளி வெட்டிச் சாய்ப்பதும், பிறகு இங்கிலாந்தில் வெயிலடிக்கும் புல்வெளியில் எல்லாரும் சிரிப்பதும், அதுவரை கட்டிய படத்துக்குத் துரோகம். தமிழன் கையில் கத்தி கொடுத்தால்தான் ஐரோப்பியப் பார்வையாளருக்குப் புரியும் என்று இயக்குநர் நினைத்துவிட்டார் போலும். ஆனால் ஒன்று, சுகமான முடிவைப் பிரான்சில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அது பிரான்சைப் பற்றி அவர் சொன்ன அபிப்பிராயம்.

ஏழு வருஷம் கழித்து, 2022-இல், இலங்கைக்காரர்கள் மறுபடி ஒரு கான் போட்டிப் படத்தில் வந்தார்கள். ருமேனியாவின் கிறிஸ்டியன் முஞ்சியு எடுத்த 'ஆர்.எம்.என்.' மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு ருமேனிய மொழியில் உள்ள சுருக்கெழுத்து அது. 2020 ஜனவரியில் திரான்சில்வேனியாவின் டிட்ராவ் என்ற ஊரில் உண்மையாக நடந்ததிலிருந்து பிறந்த கதை. அங்கே பெரும்பாலோர் ஹங்கேரிய மொழிக்காரர். ருமேனியாவில் அவர்களே சிறுபான்மை. ஊர் ரொட்டித் தொழிற்சாலை இரண்டு இலங்கைத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்ததும் ஊரே திரண்டு எதிர்த்தது. படத்தில் முஞ்சியு அதை ருமேனியர், ஹங்கேரியர், மிச்சமிருக்கும் சில ஜெர்மானியர் எல்லாரும் கலந்து வாழும் ஊராக மாற்றிக்கொண்டார்.

ரொட்டி ஆலைக்கு ஏன் வெளிநாட்டு ஆள்? உள்ளூர்க்காரர்கள் எல்லாம் ஜெர்மனிக்கும் மற்ற மேற்கு நாடுகளுக்கும் போய்விட்டார்கள். ஆலை தரும் குறைந்த கூலிக்கு இருப்பவர்கள் வர மாட்டார்கள். ஐரோப்பிய நிதி வாங்க வேண்டுமானால் ஆள் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும். கதாநாயகன் மத்தியாஸே ஜெர்மனியில் ஆட்டுத்தொட்டியில் வேலை செய்தவன். மேற்பார்வையாளன் ஜிப்சி என்று திட்டியதும் முட்டித் தள்ளிவிட்டு ஊருக்கு ஓடிவந்தவன். அங்கே வாங்கிய அவமானம் இங்கே வந்தவனைப் பார்த்தபோது அவனுக்கு நினைவு வந்ததா? படம் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஊர்மன்றக் காட்சி ஒன்று உண்டு. ஏறக்குறைய பதினேழு நிமிஷம், காமிரா நகரவில்லை, வெட்டு இல்லை. அவர்கள் கைபட்ட ரொட்டியைத் தின்ன மாட்டோம் என்கிறார் ஒருவர். நோய் கொண்டுவருவார்கள் என்கிறார் இன்னொருவர். தனிப்பட்ட முறையில் அவர்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, அவர்கள் ஊரில் இருக்கட்டும் என்கிறார் மற்றொருவர். பேச்சு போகப்போக, ருமேனியருக்கும் ஹங்கேரியருக்கும் உள்ள பழைய கணக்கு வெளியே வருகிறது. காட்டில் கரடி எண்ண வந்த பிரெஞ்சு இளைஞர் புத்தி சொல்லப்போக, உன் நாடு காலனிகளில் செய்ததைப் பேசலாமா என்று மடக்குகிறார்கள். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா?

அந்தக் காட்சியை நான் வேடிக்கை பார்க்கிறவனாகப் பார்க்க முடியவில்லை. 1960-களின் கடைசியில் இந்தப் பம்பாயில் நம்மை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பது மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும். ஒரு வாரப்பத்திரிகை, அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டது. குமாஸ்தா வேலையை எல்லாம் இவர்களே பிடித்துக்கொண்டார்கள் என்று கூட்டம் போட்டார்கள். லுங்கியைப் பற்றிக் கோஷம் எழுந்தது. உடுப்பி ஓட்டல்களில் கல் விழுந்தது. எங்கள் அப்பா அந்த மாதங்களில் ரயிலில் தமிழ்ப் பத்திரிகையை மடித்து ஆங்கிலப் பத்திரிகைக்குள் வைத்துப் படிப்பார். சரி, அது அவர்கள் செய்தது. இன்றைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சென்னைக் கட்டட வேலையிலும் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த பையன்கள் இருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் 'வடக்கன்' என்ற சொல்லை எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்கிறவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகள் துபாயில் இருக்கிறார்கள்.

ஐரோப்பாவின் வாசல் இப்போது கடலிலும் காட்டிலும் இருக்கிறது. ஜியான்பிராங்கோ ரோசியின் 'ஃபுவோகோஅம்மாரே' 2016-இல் தங்கக்கரடி வாங்கிய ஆவணப்படம். சிசிலியைவிடத் துனிசியாவுக்கு நெருக்கமாக இருக்கும் லம்பெதூசா தீவில் எடுத்தது. 2013 அக்டோபர் 3-இல் அந்தக் கரையோரம் கவிழ்ந்த படகில் 360-க்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். படத்தில் கவண்கல் எறிந்து விளையாடும் உள்ளூர்ச் சிறுவன் ஒருபுறம், படகிலிருந்து இறக்கப்படும் மனிதர்கள் மறுபுறம். அதே சின்னத் தீவில் இருந்தும் இரண்டு கூட்டமும் சந்திப்பதே இல்லை. இரண்டையும் தொடுகிறவர் ஒரே ஒருவர், தீவின் மருத்துவர் பியேத்ரோ பார்த்தோலோ. அவர் 2019-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். அக்னியெஷ்கா ஹாலண்ட் 2023-இல் எடுத்த 'பச்சை எல்லை', போலந்து–பெலாரூஸ் காட்டில் இரண்டு பக்கத்துக் காவலரும் அகதிகளைப் பந்துபோல உதைத்துக்கொள்வதைக் காட்டியது. அன்றைய போலந்து நீதி அமைச்சர் அதை நாஜிப் பிரசாரத்தோடு ஒப்பிட்டார். ஹாலண்டின் தந்தை வழி உறவினர்கள் யூதப் படுகொலையில் மாண்டவர்கள் என்பது அந்த அமைச்சருக்குத் தெரியாமலா இருக்கும்?

பார்க்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. 'வெள்ளை'யிலிருந்து தொடங்குங்கள், சிரித்துக்கொண்டே பார்க்கலாம். 'மறுகரையில்' அடுத்து. 'கஷே'யில் ஒரே ஓர் இடத்தில் திடீர் வன்முறை உண்டு, பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம். 'ஆர்.எம்.என்.' பார்ப்பதானால், எந்த மொழி பேசுகிறார்களோ அதற்கேற்ப நிறம் மாறும் துணைத்தலைப்பு உள்ள பிரதியாகத் தேடிப் பிடியுங்கள். ருமேனியத்துக்கு ஒரு நிறம், ஹங்கேரியத்துக்கு ஒரு நிறம், மற்றவைக்கு வேறு ஒன்று. அந்த ஊர்மன்றக் காட்சியில் யார் எந்த நிமிஷத்தில் எந்த மொழிக்குத் தாவுகிறார்கள் என்பதை நிறத்தை வைத்தே பின்தொடரலாம்.